ஜப்பானின் பழைய நாடக அச்சுநூல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் முகமூடியைப் பற்றி இரண்டு கேள்வி வரும். அப்புறம் யாராவது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்தப் புத்தகம் என்ன?" என்பார்கள். மினுங்கும் தாள், ஓடும் எழுத்து, ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குறிகள். பெரும்பாலும் அது 1600-ஐ ஒட்டி அச்சான ஒரு நோ நாடகப் பாட்டுப் புத்தகமாக இருக்கும். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். நோ புத்தகங்களுக்கே அதிக இடம் போய்விட்டது. விஷயம் அங்கேதான் அதிகம்.

நோ, கியோகென், ஜோருரி, கபுகி... எல்லாம் ஒண்ணுதானா?

வேறு வேறு. நோ என்பது பாட்டும் ஆட்டமும் சேர்ந்த நாடகம். முக்கியப் பாத்திரம் பெரும்பாலும் முகமூடி அணிந்து வரும். 14-ஆம் நூற்றாண்டில் கன்ஆமியும் அவர் மகன் ஸெயாமியும் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். கியோகென் அதே மேடையில் நோ நாடகங்களுக்கு இடையே வரும் சிரிப்பு நாடகம், பெரும்பாலும் பேச்சுதான். ஜோருரியில் ஒருவர் உட்கார்ந்து, ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தோடு கதையைப் பாடுவார், பொம்மைகள் ஆடும். கபுகி 1600-களின் தொடக்கத்தில் கியோட்டோவில் கிளம்பிய நடிகர் நாடகம்.

இந்த வேறுபாடு புத்தகத்திலும் தெரியும். பாடப்பட்ட நாடகங்கள் சீக்கிரமே அச்சேறின. பேச்சு நாடகங்கள் தாமதமாக வந்தன. கபுகி வசனம் அந்தக் காலத்தில் அச்சுக்கு அநேகமாக வரவேயில்லை. காரணம் கீழே வரும்.

அந்த நோ புத்தகம் நாடக வசனப் புத்தகம்தானே? அதுக்கு எதுக்குத் தனிப் பேரு?

உத்தாய்போன் என்பது அதன் பெயர். பாடிப் பழகுவதற்கான புத்தகம். நாடகத்தின் சொற்கள் எல்லாம் அதில் இருப்பதால் வசனப் புத்தகம் போலத்தான் தெரியும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு நாடகத்தை மேடையேற்ற முடியாது.

எதெல்லாம் இல்லை என்று பாருங்கள். நடிகர் எங்கே திரும்ப வேண்டும், விசிறியை எப்போது விரிக்க வேண்டும் என்ற குறிப்பு இல்லை. அது நடிகர் குடும்பங்களின் தனிக் கையெழுத்துக் குறிப்புகளில் இருந்தது. மத்தள அடி வரிசை இல்லை. எல்லாவற்றையும்விட வேடிக்கையானது, இரண்டு பகுதிக் கதையில் நடுவே கியோகென் நடிகர் ஒருவர் வந்து, ஊர்க்காரர் போல நின்று, கதையை எளிய பேச்சில் விளக்குவார். அந்தப் பகுதி உத்தாய்போனில் வராது. பாட்டுப் பழகுகிறவருக்கு அது தேவையில்லையே! புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு மேடைக்கு முன்னால் உட்காருகிறவர்கள் "இவர் யார், எங்கிருந்து வந்தார்?" என்று திகைப்பது இதனால்தான்.

இருப்பது இவ்வளவு: சொற்கள், யார் பாடுவது என்ற குறி (முக்கியப் பாத்திரம் ஷிதே, எதிர்ப்பாத்திரம் வாகி, பின்பாட்டுக் குழு), எப்படிப் பாடுவது என்ற குறி.

எழுத்துக்குப் பக்கத்துல எள்ளு சிந்தின மாதிரி கறுப்பு கறுப்பா இருக்கே, அழுக்கா?

அழுக்கில்லை, அதுதான் இசைக்குறி. ஜப்பானியரும் அதை எள் என்றுதான் சொல்கிறார்கள்: கோமா. எழுத்து மேலிருந்து கீழே ஓடும்; ஒவ்வொரு அசைக்கும் வலப்பக்கம் ஒரு எள். அது மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா, கீழ்நோக்கியா என்பது குரலின் போக்கைக் காட்டும். நடுநடுவே 'மேல்', 'நடு', 'கீழ்' என்ற சீன எழுத்துகளும், குரலைத் தூக்கவோ சுழிக்கவோ சொல்லும் சின்னக் குறிப்புகளும் வரும்.

இதை வைத்துக்கொண்டு யாரும் தானாகப் பாடிவிட முடியாது. எத்தனை உயர்த்துவது, எங்கே இழுப்பது என்பதெல்லாம் ஆசிரியரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் வரும். ஏற்கெனவே கேட்டவருக்கு நினைவூட்டுவதுதான் புத்தகத்தின் வேலை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிச் சந்தேகங்கள் தாமாகவே தீரும்.

முதல்ல அச்சானது எப்போ? அதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க?

கையால் எழுதினார்கள். ஸெயாமி தன் கையாலேயே எழுதிய சில நாடகப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. 1413 முதல் 1420-கள் வரையிலான தேதிகள் அவற்றில் உண்டு. பல, நாரா பக்கம் இகோமா மலையில் உள்ள ஹோஸான்ஜி கோயிலிடம் இருக்கின்றன. பெரும்பாலும் கத்தகானா என்ற ஒலியெழுத்தில், ஒலி தவறாமல் இருக்க எழுதப்பட்டவை. அங்கேயும் பாடுவதற்கான குறிகள் உண்டு.

ஜப்பானில் அச்சு 8-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது, ஆனால் அச்சடித்தது அநேகமாக பௌத்த, சீன நூல்களை மட்டுமே. சொந்த மொழி இலக்கியம் அச்சேறத் தொடங்கியது 1600-ஐ ஒட்டித்தான். உத்தாய்போன் அந்த முதல் வரிசையிலேயே இடம் பிடித்துவிட்டது. தோரிகாய் தோசெட்சு என்பவர், நோவின் ஐந்து மரபுகளில் ஒன்றான கொம்பாருவின் பாடத்தில் வெளியிட்ட குருமாயா புத்தகங்கள் மிக முந்தையவற்றில் ஒன்று. அதே காலத்தில் 'உத்தாய்ஷோ' என்ற உரைநூலும் அச்சானது. அப்போது ஜப்பானை ஆண்ட டொயொதோமி ஹிதெயோஷியின் சகோதரி மகன் ஹிதெட்சுகு 1595-ல் அறிஞர்களையும் துறவிகளையும் கூட்டி, நோ பாடல்களில் வரும் அருஞ்சொற்களுக்கு விளக்கம் எழுதச் சொன்னார், அதுதான் அது. அவர் அதே ஆண்டில் தற்கொலை செய்துகொள்ளும்படி கட்டளையிடப்பட்டு இறந்தார், உரை பிழைத்துக்கொண்டது.

அரண்மனை நாடகத்துக்கு ஊர்ல யாரு புத்தகம் வாங்கினாங்க?

நோ அரண்மனை நாடகமானது உண்மை. ஹிதெயோஷி தானே மேடையேறி ஆடினார், தன் வெற்றிகளைப் பற்றியே புது நாடகங்கள் எழுதவைத்தார். தனக்குத்தானே கதாநாயகனாக ஆடிய ஆட்சியாளர்! பிறகு வந்த தொகுகாவா அரசு நோவைச் சடங்குக் கலையாகவே வைத்துக்கொண்டது. சாதாரண நகரவாசிக்கு மேடை எப்போதாவதுதான் கிடைத்தது.

ஆனால் பாட்டை யாரும் தடுக்கவில்லை. உடை வேண்டாம், மேடை வேண்டாம், மத்தளமும் வேண்டாம். நான்கு பேர் உட்கார்ந்து பாடினால் போதும். கியோட்டோ வணிகர், மருத்துவர், சாமுராய் என எல்லோரும் பழகினார்கள். 'தகசாகோ' நாடகத்தில் முதிய தம்பதி வடிவில் வரும் பைன் மர ஆவிகளின் கதை உண்டு. அதில் படகில் பாய் விரித்துக் கிளம்பும் பகுதியைத் திருமணங்களில் பாடுவது வழக்கமானது. சிறுவர் பள்ளிப் பாடப் புத்தகங்களில்கூட இப்படிப்பட்ட துண்டுப் பாடல்கள் சேர்ந்தன. நோவை ஒருமுறைகூட மேடையில் பார்க்காமல், பத்துப் பதினைந்து நாடகங்களைப் பாடத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். சந்தை அவர்கள்தான்.

எல்லாரும் காட்டுற அந்தப் பளபள புத்தகம் எது? அதுல அப்படி என்ன விசேஷம்?

அது கோயெட்சு உத்தாய்போன். கியோட்டோவின் மேற்கே சாகா என்ற இடத்தோடு தொடர்புடையது, அதனால் 'சாகா நூல்கள்' என்ற பெரிய வரிசைக்குள் வைப்பார்கள். இரண்டு பெயர்கள் சேர்ந்தே வரும். ஒருவர் சுமினோகுரா சோஆன் (1571–1632). அவர் அப்பா ரியோயி வெளிநாட்டு வணிகத்துக்கு அனுமதி பெற்ற கப்பல்களை வியட்நாம் வரை அனுப்பியவர், கியோட்டோவில் தகாசே கால்வாயை வெட்டியவர். பணம் அங்கிருந்து வந்தது. இன்னொருவர் ஹொன்னாமி கோயெட்சு (1558–1637). வாள் மதிப்பிட்டுத் தீட்டும் குடும்பத்தில் பிறந்து, எழுத்துக்கலை, மண்பாண்டம், அரக்கு வேலை எல்லாவற்றிலும் பேர் வாங்கியவர்.

ஒரு நாடகத்துக்கு ஒரு மெல்லிய புத்தகம், மொத்தம் நூறு நாடகங்கள். உயரம் 24 செ.மீ அளவில் இருக்கும். உயர்ந்த வகைப் பிரதியில் தாளின் மேல் கிளிஞ்சல் சுண்ணத்தைப் பூசி, வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் என்று நிறம் ஏற்றியிருப்பார்கள். அதன்மேல் அப்பிரகப் பொடியைப் பசையில் குழைத்து, மரப்பலகையால் மான், கொக்கு, மூங்கில், அலை, கொடி என்று உருவம் ஒற்றியிருக்கும். அதற்கும் மேலேதான் கறுப்பு எழுத்து. நேராகப் பார்த்தால் வெறும் தாள். பக்கத்தைச் சற்றுச் சாய்த்தால் மான் கூட்டம் எழுந்து வரும், இன்னும் சாய்த்தால் மறைந்துவிடும். படத்தில் பார்ப்பவர்களுக்கு இது பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் ஒளிப்படம் ஒரே கோணத்தில் நின்றுவிடுகிறது. உருவங்கள் ஓவியர் தவராயா சோதாட்சுவின் பாணி என்பது பொதுவான கருத்து.

எல்லாப் பிரதியும் இப்படி இல்லை. அதே பாடத்தை அலங்காரம் குறைத்து, சாதாரணத் தாளிலும் அச்சிட்டார்கள். கண்காட்சிக்கு வருவது பளபளக்கும் வகை மட்டும் என்பதால் நமக்கு அப்படி ஒரு எண்ணம்.

கோயெட்சு தன் கையால எழுதினாரா? அவர்தான் பதிப்பாளரா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. எழுத்து வடிவம் அவருடைய பாணி; அவர் பள்ளியில் பழகிய யார் வேண்டுமானாலும் அதற்கு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கலாம். சோஆனே கோயெட்சுவிடம் எழுத்துக்கலை கற்றவர்தான். பணம் போட்டது, அச்சகம் நடத்தியது எல்லாம் சுமினோகுரா குடும்பம் என்பதுதான் வழக்கமான கணிப்பு. 'கோயெட்சு' என்ற முன்னொட்டை ஒரு பாணியின் பெயராக எடுத்துக்கொள்வது பத்திரம். விற்பனைக்காரர்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை, அது வேறு கதை.

எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஓடுதே. இது அச்சுக் கோத்ததுன்னு சொன்னா நம்ப முடியலையே?

நம்ப முடியாததுதான் அதன் அழகு. ஆனால் தனித்தனி மர அச்செழுத்துகளைக் கோத்து அச்சிட்டதுதான். சூட்சுமம் என்னவென்றால், ஒவ்வொரு அச்சிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. தூரிகை எடுக்காமல் தொடர்ந்து எழுதும் இரண்டு, மூன்று எழுத்துகளைச் சேர்த்து ஒரே கட்டையில் செதுக்கினார்கள். அடிக்கடி வரும் சொல் முடிவுகளுக்கு அப்படி ஒரு கட்டை தயாராக இருக்கும். அதோடு ஒரே ஒலிக்கு நான்கைந்து வடிவங்கள் வழக்கில் இருந்தன. எல்லாவற்றையும் செதுக்கி வைத்து மாற்றி மாற்றிக் கோத்தார்கள். பக்கம் கையெழுத்து போலவே வந்தது.

அச்செழுத்து கோக்கிற வித்தை ஜப்பானுக்கு எங்கிருந்து போச்சு? தமிழ் அச்சோட தொடர்பு இருக்குன்னு யாரோ சொன்னாங்க.

இரண்டு வழியாகப் போனது. ஒன்று கொரியா. ஹிதெயோஷி 1592-ல் கொரியாமேல் படையெடுத்தபோது அங்கிருந்து அச்செழுத்தும் கருவியும் கொள்ளையாக வந்தன. அடுத்த ஆண்டே பேரரசர் கோ-யோஸேயின் ஆணைப்படி ஒரு சீன நூல் அச்சானது. 1599-ல், பின்னாளில் தொகுகாவா ஆட்சியை நிறுவிய இயெயாசு, கியோட்டோவை ஒட்டிய ஃபுஷிமியில் அச்சு வேலை தொடங்க ஒரு லட்சம் மர அச்செழுத்துகள் கொடுத்தார். அவற்றில் 50,000-க்கு மேல் கியோட்டோவின் என்கோஜி கோயிலில் இன்னும் இருக்கின்றன.

இன்னொரு வழி யேசுசபை. ரோமுக்குப் போன நான்கு ஜப்பானிய இளைஞர்கள் திரும்பும் வழியில் கோவாவில் தங்கினார்கள். அவர்களில் ஹாரா மார்ட்டினோ ஆற்றிய லத்தீன் உரை 1588-ல் அங்கேயே அச்சானது. பிறகு அந்த அச்சு இயந்திரம் அவர்களோடு 1590-ல் ஜப்பான் போய்ச் சேர்ந்தது. தமிழ்த் தொடர்பு இந்தக் கோவாதான்: அதே யேசுசபையினர் 1577-ல் கோவாவில் தமிழ் எழுத்து வார்த்தார்கள், 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. அதனால் ஒரே சபையின் ஏறக்குறைய ஒரே காலத்து முயற்சியின் இரண்டு கிளைகள் என்று சொல்லலாம். தமிழ் அச்சிலிருந்து ஜப்பானிய அச்சு வந்தது என்று நீட்டிவிடக் கூடாது.

உத்தாய்போன் எந்த வழியின் பிள்ளை என்று கேட்டால், கொரிய வழி என்பதுதான் நெடுநாள் வழக்கு. ஆனால் யேசுசபை அச்சிலும் தொடரெழுத்துக் கட்டைகள் உண்டு என்பதைக் காட்டி, அங்கிருந்து யோசனை வந்திருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடித்திருக்கிறது, ஆனால் முடிந்த விஷயமில்லை.

இவ்வளவு நல்லா அச்சுக் கோத்தவங்க, அப்புறம் ஏன் பழைய மரப்பலகைக்கே திரும்பிப் போனாங்க? பின்னோக்கிப் போன மாதிரி இல்ல?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் சலித்த குரலில் கேட்பார்கள், ஏதோ முன்னேற்றத்தைக் கைவிட்டுவிட்டது போல. கணக்குப் போட்டுப் பார்த்தால் பலகைதான் புத்திசாலித்தனம். 1640-கள் வாக்கில் கோத்த அச்சு ஓய்ந்துவிட்டது. அச்சுக் கோத்தால், அச்சிட்டு முடித்ததும் பிரித்து அடுத்த பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் நூறு பிரதி வேண்டுமென்றால் முதலிலிருந்து கோக்க வேண்டும். பலகையோ செதுக்கிவிட்டால் சொத்து. அலமாரியில் வைத்துத் தேவைப்படும்போது எடுத்து அச்சிடலாம், இன்னொரு பதிப்பாளருக்கு விற்கலாம், மகனுக்கு விட்டுப்போகலாம். படிப்பவர் கூட்டம் பெருகிய நகரங்களில் இதுதான் ஆதாயம்.

உத்தாய்போனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே சொன்ன எள் குறிகளை எண்ணிப் பாருங்கள்: ஒவ்வோர் அசைக்கும் ஒன்று, ஒவ்வொன்றும் வேறு சாய்வில், எழுத்தை ஒட்டியே. அதைக் கோத்து அச்சிடுவது எவ்வளவு பாடு! பலகையில் என்றால், எழுதிய மெல்லிய தாளைக் கவிழ்த்து ஒட்டி அப்படியே செதுக்கிவிடலாம். வாக்கு, குறி, படம் எல்லாம் ஒன்றுதான்.

படத்தைப் பார்த்தே கோத்த அச்சா, பலகை அச்சான்னு கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், பழக வேண்டும். கோத்த அச்சில் மை ஒரே சீராக இருக்காது; சற்று உயர்ந்து நின்ற கட்டை கறுத்தும் தாழ்ந்தது வெளுத்தும் இருக்கும். ஓர் எழுத்து லேசாகச் சாய்ந்து நிற்கும். ஒரு கட்டையின் எழுத்து அடுத்த கட்டையின் எல்லைக்குள் நுழையாது. பக்கத்தைச் சுற்றிச் சட்டக்கோடு இருந்தால் மூலைகளைப் பாருங்கள், கோடுகள் சேராமல் ஒரு மயிரிழை இடைவெளி தெரியும். நல்ல சாட்சி இன்னொன்று: ஓரம் உடைந்த ஒரு குறிப்பிட்ட எழுத்து, சில பக்கம் தள்ளி அதே உடைவோடு திரும்ப வரும்.

பலகையில் இதற்கு நேர்மாறு. மூலைகள் சேர்ந்திருக்கும். மேல் எழுத்தின் வால் கீழ் எழுத்துக்குள் தாராளமாக நுழையும். பலகை வெடித்திருந்தால் அந்த வெடிப்பு ஒரு வெள்ளைக் கோடாகப் பல வரிகளைக் கடந்து போகும். ஆனால் கோத்து அச்சிட்ட புத்தகத்தையே பலகையில் ஒட்டி மறுபடி செதுக்கிய பிரதிகளும் உண்டு, கவனம். அங்கே கோத்த அச்சின் அடையாளங்கள் சிலவும் கூடவே நகலாகியிருக்கும்.

இதுல வருஷமே போடலையே. எப்படி 1600-ஐ ஒட்டியதுன்னு அடிச்சுச் சொல்றாங்க?

கோயெட்சு உத்தாய்போனில் வெளியீட்டுக் குறிப்பு இல்லை, உண்மைதான். பக்கத்து நூல்களை வைத்து நெருங்குகிறார்கள். அதே சாகா வரிசையில் படங்களோடு வந்த 'இஸே மொனொகதாரி' என்ற பழங்கதை நூல் 1608 என்று தேதி காட்டுகிறது. தாள், அப்பிரக உருவங்கள், எழுத்துக் கட்டைகள் ஆகியவற்றை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். இந்த வேலையை மிக நுட்பமாகச் செய்தவர் நோ அறிஞர் ஓமோதே அகிரா. அவருக்குக் கைகொடுத்தது கோஸான் புன்கோ என்ற சேகரிப்பு. உத்தாய்போன் பதிப்பாளர் ஒருவர் சேர்த்தது. புத்தகம் விற்றவரே பெரிய சேகரிப்பாளர்.

ஒரே நாடகம், ரெண்டு புத்தகத்துல வேற வேற வரியா இருக்கு. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். நோவில் கான்ஸே, ஹோஷோ, கொம்பாரு, கொங்கோ, கித்தா என்று ஐந்து மரபுகள். ஒவ்வொன்றுக்கும் தன் பாடம். கோயெட்சு நூல் கான்ஸே பாடம், குருமாயா நூல் கொம்பாரு பாடம். 1620-ல் கான்ஸே தலைவர் கொகுசெட்சு சான்று கொடுத்து நூறு நாடகங்கள் வெளிவந்தன. அதன் பிறகு 'இது தலைவரின் பாடம்' என்பதே விற்பனைக்கு வலுவானது.

தலைவரே பாடத்தை மாற்றினால்? அதுவும் நடந்தது. கான்ஸே மரபின் 15-ஆம் தலைவர் மோதோஆகிரா, பழஞ்சொல் ஆராய்ச்சியில் ஈடுபட்ட அறிஞர்களின் துணையோடு எல்லாப் பாடங்களையும் 'சரிசெய்து' 1765-ல் அழகான பதிப்பாக வெளியிட்டார். வாயில் பழகிய வரிகள் மாறிப்போனதால் பழகியவர்களுக்கு எரிச்சல். அவர் 1774-ல் இறந்ததும் பழைய பாடத்துக்கே திரும்பிவிட்டார்கள். அச்சிட்ட பாடத்தைவிட பாடிய பாடத்துக்கு வலு அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் மேடை நிகழ்த்துமுறையில் அவர் கொண்டுவந்த மாறுபாடுகள் சில இன்றும் ஆடப்படுகின்றன.

ஸெயாமி எழுதின நடிப்புக் கலை நூல்களும் அப்பவே அச்சாச்சா?

இல்லை. பாட்டு ஊருக்கு, நடிப்பு ரகசியம் குடும்பத்துக்கு என்றுதான் இருந்தது. ஸெயாமியின் கட்டுரைகள் வாரிசுக்கு மட்டும் கைமாறின. வரலாற்றாசிரியர் யோஷிதா தோகோ 1909-ல் வெளியிட்டபோதுதான் வெளியுலகம் அவற்றைக் கண்டது.

இதில் ஒரு சிக்கல். 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே 'ஸெயாமி எழுதியது' என்ற பேரில் எட்டுப் பகுதி கொண்ட 'கதென்ஷோ' ஒன்று அச்சில் புழங்கியது. பலரிடமிருந்து தொகுத்த பிற்காலக் கலவை அது. எடோ காலத்தில், அதாவது தொகுகாவா ஆட்சிக் காலத்தில், ஸெயாமியைப் படித்தேன் என்று யாராவது சொன்னால், அவர் படித்தது அநேகமாக இந்தக் கலவையைத்தான்.

கியோகென் சிரிப்பு நாடகங்கள் எப்போ அச்சாச்சு?

1660-ல், 'கியோகென்கி' என்ற பேரில், படங்களோடு 50 நாடகங்கள். பிறகு தொடர்ச்சிகள் வந்து மொத்தம் 200 ஆனது. பெரிய கியோகென் குடும்பங்களின் பாடம் இதில் இல்லை. அவர்கள் தங்கள் பாடத்தைக் கையெழுத்தில் வைத்துக்கொண்டார்கள். ஓகுரா தொராஆகிரா 1642-ல் எழுதி முடித்த பெருந்தொகுப்பு அப்படிப்பட்டது. கியோகென்கி வாசகர் படித்துச் சிரிப்பதற்காக வந்த புத்தகம். மேடைப் பாடம் தேடுகிறவர்கள் அதை எச்சரிக்கையோடுதான் தொட வேண்டும்.

பொம்மை நாடகத்துக்கும் பாட்டுப் புத்தகம் உண்டா?

உண்டு, நிறைய. நாடோடிகள் பாடிய செக்கியோ கதைகளில் 'கருகாயா' 1631-லேயே படங்களோடு அச்சானது. இந்தக் காலத்துப் படப் புத்தகங்கள் சிலவற்றில் செங்காவி நிறத்தையும் பச்சையையும் கையாலேயே தீற்றியிருப்பார்கள், கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்ற கவலையே இல்லாமல். எனக்கு அப்பிரக மான்களைவிட இவற்றின்மேல்தான் ஆசை.

ஜோருரி வளர்ந்தபோது இரண்டு வகை பிரிந்தது. படிப்பவருக்குப் பொடி எழுத்தும் படமும். பாடிப் பழகுபவருக்குப் பக்கத்துக்கு எட்டு வரி, பிறகு ஏழு வரி என்று பெரிய எழுத்தும் இசைக்குறியும். முழு நாடகமும் உள்ள புத்தகத்தின் முடிவில், 'இது என் மூலத்தோடு ஒத்துப்பார்த்தது' என்று பாடகர் சான்று கொடுப்பார். சிக்கமாட்சு மொன்ஸயேமொன் (1653–1725) எழுதிய நாடகங்கள் நமக்கு வந்து சேர்ந்தது இந்தப் புத்தகங்களால்தான். ஆனால் வாங்கியவர்களுக்கு முக்கியமானவர் பாடகர் தகெமோதோ கிதாயூ போன்றவர்தான், எழுதியவர் இல்லை.

அப்போ கபுகிக்கு ஏன் புத்தகம் இல்ல?

கபுகி வசனம் நடிகரைச் சார்ந்தது, ஒவ்வொரு முறையும் மாறும், கொட்டகையின் தொழில் ரகசியமும்கூட. பிரதி கையெழுத்தில் இருந்தது, அதில் பேசுபவர் பெயராகப் பாத்திரத்துக்குப் பதில் நடிகரின் பெயரே இருக்கும். நடிகர்களுக்கு அவரவர் வசனம் மட்டும் தனித் தாளில் எழுதித் தரப்பட்டது. அச்சில் வந்தவை கதைச்சுருக்கப் படப் புத்தகங்களும், நடிகர்களைத் தரம் பிரித்து விமர்சிக்கும் ஆண்டு நூல்களும்தான். வீட்டில் உட்கார்ந்து பாட ஏதும் இல்லாத இடத்தில் பாட்டுப் புத்தகத்துக்கு என்ன வேலை?

அச்சான நோ நாடகமெல்லாம் இன்னிக்கும் ஆடுறாங்களா?

இல்லை. 1686-ல் ஒன்று, 1689-ல் ஒன்று, 1698-ல் ஒன்று என்று, வழக்கில் இல்லாத நாடகங்களையும் நூறு நூறாகச் சேர்த்துப் பதிப்பாளர்கள் வெளியிட்டார்கள். எண்ணிக்கை 500 வரை போனது. இன்று மேடையில் உள்ளவை சுமார் 250. மீதி, பாடியாவது பார்க்கலாம் என்று வாங்கியவர்களுக்காக அச்சானவை. அவற்றில் சிலவற்றை இப்போது மறுபடி மேடையேற்றுகிறார்கள். அப்போதெல்லாம் அசைவு முழுவதையும் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கிறது, காரணம் இரண்டாம் கேள்வியிலேயே இருக்கிறது.

நேர்ல பார்க்க எங்கே போகணும்?

டோக்கியோவில் ஹோசெய் பல்கலைக்கழகத்தின் நொகாமி நினைவு நோ ஆய்வு நிலையம் முதலிடம். மேலே சொன்ன கோஸான் புன்கோ அங்கேதான் இருக்கிறது. ஜோருரிக்கும் கபுகிக்கும் வாசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகம். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் நல்ல பிரதிகள் உண்டு. எர்னஸ்ட் சாட்டோ என்ற தூதரக அதிகாரி மெய்ஜி காலத்தில் (1868–1912) வாங்கிச் சேர்த்த பழைய அச்சுநூல்கள் அங்கே போயின. பயணம் முடியாதவர்கள் ஜப்பான் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் மின் தொகுப்பில் தேடலாம், ஜப்பானிய எழுத்தில் தேடினால்தான் கிடைக்கும்.

இணைய ஏலத்துல 'பழைய உத்தாய்போன்'னு விலை குறைவா ஒண்ணு வருது. வாங்கலாமா?

வாங்கலாம், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு. உத்தாய்போன் நானூறு ஆண்டாக நிற்காமல் அச்சாகும் பொருள். மெய்ஜி காலத்திலும் அடுத்து வந்த தைஷோ காலத்திலும் (1912–1926) வந்த பெட்டித் தொகுப்புகள் ஜப்பானியப் பழைய புத்தகக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. கடைசிப் பக்கத்தில் பதிப்பாளர் முகவரியும் தேதியும் கட்டம் கட்டி அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் இந்த வகை. நீல நிற அட்டை, தைத்த முதுகு, ஓரத்தில் பழைய சொந்தக்காரர் பென்சிலால் போட்ட மூச்சுக் குறிகள். பழகியவர் கைபட்ட பிரதி என்றால் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

'கோயெட்சு' என்று போட்டு மலிவாக வந்தால், 20-ஆம் நூற்றாண்டில் எடுத்த நகல் பதிப்பா என்று முதலில் கேளுங்கள். நகலிலும் அப்பிரகம் மினுங்கும், அதை நம்ப வேண்டாம். மை சீரற்று இருக்கிறதா, உடைந்த எழுத்து திரும்ப வருகிறதா என்று பார்க்கப் பெரிய அளவுப் படம் கேளுங்கள். நகலிலும் அவை தெரியும் என்பதால், தாளின் பின்பக்கத்தையும் தையலையும் சேர்த்துக் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குகிற விற்பனைக்காரரிடம் வாங்காதீர்கள்.